குறைத்த இரும்பே சாட்சி: ஒரு ஜங்கிள் கார்பைனைப் பிரித்துப் பார்த்த மூன்று மாலைகள்

உறையிலிருந்து எடுத்ததும் முதலில் கண்ணில் பட்டது புனல்போல் விரிந்த அதன் வாய். அடுத்தது, கட்டையின் அடியில் கறுத்து இறுகிப்போன ரப்பர். இந்த இரண்டையும் பார்த்தால், பழைய ராணுவத் துப்பாக்கிகளோடு கொஞ்சம் பழகிய எவரும் "ஜங்கிள் கார்பைன்" என்று சொல்லிவிடுவார்கள். அண்ணனும் அப்படி நம்பித்தான் வாங்கியிருந்தார். அவர் உரிமம் பெற்ற சேகரிப்பாளர். வாங்கி இரண்டு வாரம் ஆன பிறகு யாரோ பார்த்துவிட்டு, "இது நம்பர் 4 ரைஃபிளை அறுத்துச் செய்ததுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்றிரவே எனக்கு அழைப்பு வந்தது. "தம்பி, நீ வந்து பாரு. அசலோ போலியோ, எதுவா இருந்தாலும் காரணத்தோட சொல்லு."

காரணத்தோடு சொல்ல மூன்று மாலைகள் பிடித்தன. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று, பார்த்ததைப் பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன். முதல் மாலை முடிவில் நான் தவறான முடிவுக்கு வந்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். அந்தத் தவறு எங்கே நடந்தது என்பது இந்தப் பதிவில் முக்கியமானது.

கொஞ்சம் பின்னணி வேண்டும். லீ-என்ஃபீல்டு நம்பர் 5 மார்க் 1 என்பதுதான் இதன் முறையான பெயர். ஜங்கிள் கார்பைன் என்பது வாய்வழக்கு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் வழக்கமான ரைஃபிள் நம்பர் 4. நீளம் 1.13 மீட்டர், எடை 4 கிலோவுக்கு மேல். அடர்ந்த காட்டில் அதைத் தூக்கிக்கொண்டு நடப்பது பெரும்பாடு. அதைக் குட்டையாக்கி, இளைக்கவைத்து, 1944-இல் நம்பர் 5-ஐ உருவாக்கினார்கள். நீளம் சுமார் 1 மீட்டர், எடை ஏறக்குறைய 3.2 கிலோ. அதே .303 தோட்டா, அதே 10 தோட்டா மேகசின். லிவர்பூலின் ஃபசாக்கர்லியில் இருந்த அரசு ஆலையும், பர்மிங்ஹாமை ஒட்டிய ஷர்லியில் இருந்த பி.எஸ்.ஏ. என்ற துப்பாக்கி நிறுவனத்தின் ஆலையும் மட்டுமே இதைச் செய்தன. 1947-இல் உற்பத்தி நின்றபோது மொத்தம் சுமார் இரண்டரை லட்சம் வெளிவந்திருந்தன. பர்மா யுத்தத்தின் கடைசிக் கட்டத்துக்குத்தான் இது வந்து சேர்ந்தது. அதிகம் உழைத்தது 1948-இல் தொடங்கிய மலாயா நெருக்கடிநிலைக் காலத்தில், கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு பிரிட்டிஷார் நடத்திய காட்டுப் போரில்.

நம்பர் 4 ரைஃபிள்களோ பல லட்சம் செய்யப்பட்டவை. போர் முடிந்ததும் உபரியாகச் சந்தைக்கு வந்து குவிந்தன. அமெரிக்காவில் 1950-60களில் அவற்றின் குழலை அறுத்து, முனையில் ஒரு புனலை மாட்டி, "ஜங்கிள் கார்பைன்" என்ற பெயரிலேயே வேட்டைக்காரர்களுக்கு விற்றார்கள். அன்று அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஆனால் நான்கைந்து கைகள் மாறி, அட்டைப்பெட்டியும் ரசீதும் தொலைந்த பிறகு அசலும் அறுத்ததும் ஒரே பெயரில் ஒரே மேசைக்கு வந்துவிடுகின்றன.

முதல் மாலை

எதையும் பார்ப்பதற்கு முன்னால் மேகசினைக் கழற்றினேன், போல்ட்டை (தோட்டாவைத் தள்ளி அடைக்கும் இரும்புத் தண்டு) திறந்தேன், தோட்டா உட்காரும் சேம்பருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், சுண்டுவிரலையும் விட்டுப் பார்த்தேன். அண்ணனையும் பார்க்கச் சொன்னேன். "காலி" என்று இரண்டு பேரும் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் மேசைமேல் துணி விரித்தோம். அந்த அறையில் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது என் நிபந்தனை. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் இதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

போல்ட்டை முழுவதும் உருவி எடுக்கும் முறையிலேயே ஒரு துப்பு இருக்கிறது. நம்பர் 4-இல் இரண்டு வகை உண்டு. மார்க் 1-இல் ரிசீவரின் (குழலுக்குப் பின்னால் போல்ட் ஓடும் இரும்பு உடம்பு) வலப் பக்கம், பின்பகுதியில் ஒரு சிறு பிடிப்பு இருக்கும். அதை அழுத்திக்கொண்டு போல்ட் தலையை மேலே தூக்கினால்தான் போல்ட் வெளியே வரும். மார்க் 1 நட்சத்திரம் என்ற வகையில் அந்தப் பிடிப்பே கிடையாது. போல்ட் ஓடும் தடத்தின் முன்பக்கம் ஒரு வெட்டு இருக்கும், அந்த இடத்தில் தலையைத் தூக்க வேண்டும். இந்த இரண்டாம் வகை கனடாவின் லாங் பிராஞ்ச் ஆலையிலும் அமெரிக்காவின் சாவேஜ் ஆலையிலும் செய்தது. நம்பர் 5 எல்லாமே பிடிப்பு உள்ள வகைதான். ஆக, தடத்தில் அந்த வெட்டைப் பார்த்துவிட்டால் அதோடு விசாரணை முடிந்தது, கையில் இருப்பது போலி. இதில் பிடிப்பு இருந்தது. அண்ணன் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. ஆனால் அசலான பிரிட்டிஷ் நம்பர் 4-லும் இதே பிடிப்பு உண்டு, அதனால் இது பாதிக் கிணறுதான் என்று அவரிடம் சொன்னேன்.

அடுத்தது பின் சைட், அதாவது தூரத்துக்கேற்பக் குறிபார்க்கும் தகடு. மடிந்திருந்த தகட்டை நிமிர்த்தினேன். நம்பர் 5-இன் தகட்டில் 200 கஜத்திலிருந்து 800 கஜம் வரை குறித்திருக்கும். நம்பர் 4-இல் 1300 வரை போகும். குட்டைக் குழலுக்கு 1300 கஜம் தேவையில்லை என்று குறைத்தார்கள். இந்தத் தகட்டில் 1300 இருந்தது. லென்ஸ் வைத்து இரண்டாம் முறை பார்த்தேன். 1300-தான்.

போல்ட்டைப் பார்த்தேன். கைப்பிடிக் குமிழைக் குடைந்து குழியாக்கியிருப்பது நம்பர் 5-இன் பழக்கம். அது அப்படியே இருந்தது. ஆனால் கைப்பிடியின் அடியில் அடித்திருந்த எண், ரிசீவர் சுவரில் அரைகுறையாகத் தெரிந்த எண்ணோடு ஒத்துப்போகவில்லை. அப்படியானால் இந்தப் போல்ட் வேறெங்கிருந்தோ வந்தது. அசல்போலக் காட்டுவதற்காகக் குழிந்த குமிழ் உள்ள போல்ட்டைத் தேடிப் போட்டிருக்கிறார்கள் என்று என் மனம் கதை கட்டிவிட்டது. நோட்டில் "அறுத்த நம்பர் 4 ஆக இருக்கலாம்" என்று எழுதினேன். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. தேநீர்க் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

எடை மட்டும் உறுத்தியது. தொங்கு தராசில் மாட்டியபோது 3.3 கிலோ காட்டியது. நம்பர் 4-ஐ அறுத்துச் செய்தவை என் கைக்கு வந்தபோதெல்லாம் இதைவிடக் கனத்தன. குழலில் சில அங்குலத்தை வெட்டுவதால் குறையும் எடை அவ்வளவு பெரிதில்லை. அப்படியானால் மிச்ச இரும்பு எங்கே போயிற்று?

இரண்டாம் மாலை

அந்தக் கேள்வியோடுதான் மறுநாள் உட்கார்ந்தேன். நம்பர் 5-ஐச் செய்தவர்கள் நீளத்தைக் குறைத்ததோடு நிற்கவில்லை. தேவைப்படாத இடத்திலெல்லாம் இரும்பைக் கடைந்து எடுத்தார்கள். ரிசீவரின் உடம்பில் கடைந்தார்கள். சேம்பரைச் சுற்றிக் குழல் தடித்திருக்கும் இடத்திலும் கடைந்தார்கள். இந்த இரண்டாவது இடம் மரத்துக்குள் மறைந்திருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அறுத்து விற்றவர்களுக்கு அங்கே கைவைக்க வேண்டிய அவசியமே இல்லை. வாங்குகிறவர் பார்க்காத இடத்துக்கு யார் கூலி கொடுப்பார்கள்?

மரத்தைக் கழற்ற வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தத் திருகுகளின் காடி குறுகலானது. வீட்டில் கிடக்கும் ஸ்க்ரூடிரைவரைப் போட்டால் நழுவி, தலையைச் சிதைத்துவிடும். மாற்றுத் திருகு சுலபமாகக் கிடைக்காது. நான் ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரின் நுனியை அரத்தில் ராவி, காடியில் அசையாமல் உட்காரும் அளவுக்குக் கொண்டுவந்தேன். அதற்கே முக்கால் மணி நேரம் போனது. முன்பக்க வளையத்தின் திருகில் ஊடுருவும் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு முந்தின இரவே ஊறவைத்திருந்தேன். கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று அசைத்ததும் வழிக்கு வந்தது. வளையத்தை நகர்த்தி, கைக்காப்புப் பலகையை மெல்லத் தூக்கினேன்.

உள்ளே எண்பது வருடத்து எண்ணெயும் தூசியும் சேர்ந்து தார்போல் படிந்திருந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஒத்தி ஒத்தி எடுத்தேன். துணி மூன்று முறை கறுத்தது. நான்காம் முறை விரலை வைத்தபோது, பார்ப்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. குழலின் தடித்த பகுதியில், இரண்டு பக்கமும், கரண்டியால் அள்ளி எடுத்ததுபோல வழவழப்பான பள்ளம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். பள்ளத்தின் விளிம்பு கூர்மையாக, ஒரே சீராக இருந்தது. கடைசல் வெட்டியின் வரிகள் மெல்லிய கோடுகளாக அதற்குள் ஓடின. பள்ளத்துக்குள்ளும் வெளியிலும் மேற்பூச்சு ஒரே வயது. ரிசீவரின் பக்கங்களிலும் அதே மாதிரி கடைசல் இருந்தது.

"அண்ணே, இங்க வாங்க, விரலை வெச்சுப் பாருங்க" என்றேன். அவர் கட்டைவிரலால் அந்தப் பள்ளத்தை இரண்டு முறை தடவினார். "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். "ஆலையிலேயே நம்பர் 5-ஆகப் பிறந்ததுன்னு அர்த்தம்" என்றேன்.

அதன்பிறகு மற்றதெல்லாம் சரசரவென்று வந்து சேர்ந்தன. ரிசீவரின் இடப் பக்கச் சுவரில் எழுத்து இருப்பதுபோலத் தெரிந்தும் படிக்க முடியாமல் இருந்தது. நம்பர் 5-இல் பெயரை மின்பேனாவால் கீறியிருப்பார்கள், ஆழமாக அடித்திருக்க மாட்டார்கள். மேலே பூசிய கறுப்பு வண்ணம் கீறலை நிரப்பிவிடும். வெள்ளைச் சாக்பீஸை மெதுவாகத் தேய்த்து, மேலாகத் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் வெள்ளை தங்கும். அப்படிச் செய்ததும் "நம்பர் 5 மார்க் 1" என்பது வந்தது. பக்கத்தில் அரசு ஆலையைக் குறிக்கும் ஆர்.ஓ.எஃப். எழுத்துகள், அடைப்புக்குறிக்குள் ஃபசாக்கர்லிக்கான எஃப். அப்புறம் 7/45. அதாவது 1945 ஜூலை. ஷர்லியில் பிறந்திருந்தால் எம் 47 சி என்ற குறியீடு இருந்திருக்கும். போர்க்காலத்தில் ஆலைப் பெயர்களை மறைக்கக் கொடுத்த குறியீடு அது, எம் என்றால் மிட்லண்ட்ஸ் வட்டாரம். எழுத்தைப் படிக்க உப்புத்தாளோ கம்பித் தூரிகையோ கொண்டு சுரண்டாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கீறல் முடியளவு ஆழம்தான். ஒருமுறை தேய்த்துவிட்டால் அந்தத் துப்பாக்கியின் பிறப்புச் சான்றிதழே போய்விடும்.

புனலுக்கு வந்தேன். சுடும்போது எழும் தீச்சுடரை மறைக்கும் இந்தப் புனலுக்கு ஃப்ளாஷ் ஹைடர் என்று பெயர். அசலில் அது முன் சைட்டோடும், பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டும் கொண்டியோடும் ஒரே பாகமாக இருக்கும். குறுக்கே ஊசிகள் அடித்துக் குழலோடு பிணைத்திருப்பார்கள். பின்னாளில் மாட்டியவற்றில் பெரும்பாலும் ஒரு சிறு திருகுதான் பிடித்துக்கொண்டிருக்கும். கொண்டியும் பெயருக்குத்தான் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. இதில் ஊசிகள் இருந்தன, அவற்றின் தலைகள் சுற்றியிருந்த பூச்சோடு ஒன்றாகக் கறுத்திருந்தன. கொண்டியும் சரியான இடத்தில் இருந்தது. நம்பர் 5-க்கென்று 8 அங்குல அலகுள்ள தனிப் பயனெட் உண்டு. அகன்ற புனல் நுழைய வேண்டும் என்பதற்காக அதன் வளையம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும்.

அப்படியானால் 1300 கஜத் தகடு? அதை ஓர் அச்சு ஊசிதான் பிடித்திருக்கிறது. சில நிமிடத்தில் மாற்றிவிடலாம். எங்கோ ஒரு ராணுவப் பட்டறையில் பழையது உடைந்திருக்கும், கையில் கிடைத்த நம்பர் 4 தகட்டைப் போட்டிருப்பார்கள். போல்ட்டும் அப்படித்தான். கழன்று வரும் பாகங்களை வைத்துத்தான் முதல் மாலை நான் முடிவுகட்டினேன். குழிந்த குமிழ் அசலுக்குச் சாட்சியாகாது, 1300 போலிக்குச் சாட்சியாகாது. இரண்டும் நடமாடும் பாகங்கள். ரிசீவரும் குழலும்தான் நிலையானவை, அவற்றில் கடைந்த பள்ளத்தை யாரும் கழற்றி மாட்ட முடியாது. நோட்டில் முந்தின நாள் வரியை அடித்துவிட்டு, அதன்கீழே காரணத்தை முழுதாக எழுதினேன்.

வேறு முத்திரைகளும் கிடைத்தன. அகன்ற அம்பு, பிரிட்டிஷ் அரசின் சொத்து என்பதற்கு. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நிற்பது, அரசு விற்றுவிட்டது என்பதற்கு. குழலில் 2.222 அங்குலம், 18.5 டன் என்று இருந்தது. இது தனியாருக்கு விற்பதற்கு முன் பிரிட்டனில் சோதனை செய்து குத்திய முத்திரை. முதலாவது தோட்டாக் கூட்டின் நீளம், இரண்டாவது சதுர அங்குலத்துக்கான அழுத்தம். நான் பயந்து தேடியது டி.பி. என்ற இரண்டு எழுத்தை. பயிற்சிக்கு மட்டும், சுடக்கூடாது என்று ராணுவமே ஒதுக்கிய துப்பாக்கிகளில் அது இருக்கும். சிலர் அதை ராவி அழித்தும் விற்பதுண்டு. அதனால் எழுத்தை மட்டும் தேடாமல், ராவிய சுவடும் எங்காவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரத்திலும் இரும்பிலும் அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். இல்லை.

மூன்றாம் மாலை

அசல் என்று தெரிந்ததும் அண்ணன் கேட்ட அடுத்த கேள்வி, "சுடலாமா?" அது முற்றிலும் வேறு கேள்வி.

குழலை முதலில் சுத்தம் செய்தேன். அந்தக் காலத்து .303 தோட்டாவின் அடியில் இருக்கும் பற்றவைப்பு மருந்தில் (பிரைமர்) பொட்டாசியம் குளோரேட் உண்டு. வெடித்த பிறகு அது பொட்டாசியம் குளோரைடாக, ஒருவகை உப்பாக, குழலில் படியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். சிப்பாய்கள் கொதிநீரைக் குழலில் ஊற்றிக் கழுவியது இதனால்தான். போல்ட் கழன்றிருந்ததால் சேம்பர் பக்கமிருந்தே துணித்துண்டுகளை இழுக்க முடிந்தது. முதல் சில துண்டுகள் கரியாக வந்தன, பிறகு செம்பழுப்பு, செம்பு கரைக்கும் திரவம் விட்டதும் நீலப்பச்சை. வெள்ளையாக வரும்வரை விடவில்லை. வெளிச்சத்தில் பார்த்தபோது இடப்பக்கம் சுழன்று போகும் 5 பள்ளங்களும் விளிம்பு மழுங்காமல் இருந்தன. சேம்பரை அடுத்த ஓரங்குலத்தில் மட்டும் சொறிபோல அரிப்பு. வயதுக்கு இது நல்ல குழல் என்றே சொல்வேன்.

சிக்கல் போல்ட்டில் இருந்தது. அனுபவமுள்ள துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் ஒருவரை அளவுக் கட்டைகளோடு வரவழைத்திருந்தோம். .303 தோட்டா விளிம்பு உள்ளது. போல்ட் முகத்துக்கும் விளிம்பு உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத்தான் ஹெட்ஸ்பேஸ் என்கிறோம். 0.064 அங்குலக் கட்டையில் போல்ட் மூட வேண்டும், 0.074 கட்டையில் மூடக் கூடாது. 0.064-இல் மூடியது. 0.074-ஐ வைத்து ஒற்றை விரலால் கைப்பிடியை மெல்ல அழுத்தினார். அதுவும் மூடிவிட்டது. அறையில் யாரும் பேசவில்லை. இடைவெளி கூடினால் சுடும்போது பித்தளைக் கூடு பின்னோக்கி நீண்டு, அடியோரத்தில் அறுந்து, சூடான வாயு சுடுகிறவர் பக்கம் திரும்பலாம்.

இந்தக் குடும்பத்தில் போல்ட் தலை தனியாகத் திருகிக் கழற்றக் கூடியது. 0-விலிருந்து 3 வரை எண்ணிட்டு, ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சற்று நீளமாகச் செய்திருக்கிறார்கள். இதில் இருந்தது 1. நீளமான தலையைப் போட்டால் சரியாகிவிடுமே என்று தோன்றும். ஆனால் போல்ட்டே இந்த ரிசீவருக்குப் பொருத்தியது அல்ல. போல்ட்டின் இரண்டு பக்கத்துத் தாங்கிகளும் ரிசீவரில் சமமாகப் பதிகின்றனவா என்று நீலச்சாயம் தடவிப் பார்க்க வேண்டும். பார்த்தார். ஒரு பக்கம் சாயம் முழுக்க ஒட்டியது, மறுபக்கம் நுனியில் மட்டும். வந்தவர் தலையை ஆட்டினார். "இந்தப் போல்ட்டோட இதைச் சுட வேண்டாம்." நானும் அதையேதான் சொன்னேன்.

நம்பர் 5-இன் ஆயுளை முடித்ததும் அந்தக் கடைந்த பள்ளங்கள்தான் என்று ஒரு தரப்பு சொல்வதுண்டு. சைட்டைச் சரிசெய்து வைத்தாலும் குறி நாளடைவில் நகர்ந்துவிடுகிறது என்று ராணுவம் குறை கண்டது. இரும்பைக் குறைத்ததால் ரிசீவர் நெளிகிறது என்றார்கள். தானியங்கி ரைஃபிளுக்கு மாற விரும்பியவர்கள் சொன்ன சாக்கு அது என்று வாதிடுகிற சேகரிப்பாளர்களும் இருக்கிறார்கள். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு அந்தப் பள்ளங்கள்மேல் மரியாதைதான்.

மரத்தில் ஒரே ஒரு குறை. முன்கட்டையின் பின்முனையில், ரிசீவரோடு முட்டும் இடத்தில், ஒரு விரல் நீளத்துக்கு மயிர்க்கோடாக விரிசல். முன்கட்டையைப் பிடிக்கும் திருகு தளர்ந்தபடியே சுட்டால் இப்படி வரும். பசை வைக்கவில்லை. திருகை அளவாக இறுக்கி, ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மரம் முழுக்க ஒரே ஒரு கை பூசினேன். உலோகத்தில் உயிருள்ள சிவப்புத் துரு இருந்த இரண்டு இடத்தில் மட்டும் எண்ணெய் விட்டு, மூங்கில் குச்சியால் சுரண்டி எடுத்தேன். பழுப்பாக அடங்கிப்போன இடங்களைத் தொடவில்லை. ரப்பர் கல்லாகியிருக்கிறது, அதுவும் அப்படியே இருக்கட்டும் என்றேன். புதிதாகக் கறுப்பு ஏற்றிப் பளபளவென்று ஆக்கலாமே என்று அண்ணன் ஆசைப்பட்டார். ஏற்றினால் அந்த 7/45 மறுபடியும் நிரம்பி மூடிக்கொள்ளும், பாதி மதிப்பும் அதோடு போய்விடும் என்றதும் விட்டுவிட்டார்.

பழம்பொருள் என்று பேச்சில் சொல்கிறோம், சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. அமெரிக்கச் சட்டத்தில் 1898-க்குள் செய்தவற்றுக்குத்தான் அந்தத் தகுதி. 1945-இல் பிறந்தது எல்லா வகையிலும் துப்பாக்கிதான். ஆகவே எடுத்துப்போக, பிரிக்க, பிறரிடம் கொடுக்க, எல்லாவற்றுக்கும் உங்கள் நாட்டுச் சட்டத்தை முதலில் பாருங்கள். நான் தொட்ட நேரமெல்லாம் அண்ணன் பக்கத்திலேயே இருந்தார்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடித்தபோது இரவு பதினொன்று. 1300 தகட்டைக் கழற்றவில்லை. எந்தப் பட்டறையில் யார் மாட்டியிருந்தாலும், அதுவும் இதன் வாழ்க்கையில் நடந்த ஒன்று. அண்ணன் தடித்த அட்டை ஒன்றை எடுத்து, நான் சொல்லச் சொல்லத் தன் கையாலேயே எழுதினார்: "நம்பர் 5 மார்க் 1, ஃபசாக்கர்லி, 7/45. ரிசீவர், குழல், முனை அசல். சைட் நம்பர் 4. போல்ட் எண் வேறு, ஹெட்ஸ்பேஸ் அதிகம். சுடக்கூடாது." கடைசிச் சொல்லுக்கு மட்டும் சிவப்புப் பேனாவை மாற்றிக்கொண்டார். அட்டையில் துளையிட்டு, நூலைக் கோத்து, ட்ரிகர் வளையத்தில் கட்டி, பூட்டிவைத்தார்.